“என்கிட்ட கேளுங்க சிஸ்டர்”

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் சர்ஜரி வார்டில் போஸ்டிங். பெருமூளை வாதம் (செரிபிரல் பால்சி) உள்ள 26 வயதுக்காரர் ஒருவர் ஹெர்னியா ஆபரேஷனுக்காக வந்திருந்தார். பேச்சு குழறலாக இருந்ததால் எல்லாவற்றையும் அவருடைய அம்மாவிடமே கேட்டேன். நடுவில் அவர், “என்கிட்ட கேளுங்க சிஸ்டர்” என்றார். ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாராம். அதிலிருந்து அவர் பெட் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. இவர்களைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, தப்பாக ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது, மாணவிகளின் மனோபாவம் பற்றி ஒரு சர்வே எடுப்பது என்று வகுப்பில் திட்டம். என் மனநிலையை எப்படி மாற்றிக்கொள்வது?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்பு மாணவிக்கு,

அவர் இன்னும் வார்டில் இருந்தால் அடுத்த டியூட்டியிலேயே அவரிடம் போங்கள். “அன்னிக்கு உங்களைக் கேக்காம அம்மாகிட்ட கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்க. இனிமே உங்ககிட்டயே கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு, உடனே வேலைக்குரிய கேள்விக்கு வந்துவிடுங்கள்: “வலி எப்படி இருக்கு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு?” மன்னிப்பை நீட்டினால் உங்களைத் தேற்றும் வேலை அவர் தலையில் விழும்.

உங்கள் பயத்துக்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. பாடப்புத்தகம் உங்களுக்கு உடல் குறைபாட்டை நோயாகத்தான் அறிமுகப்படுத்துகிறது. வார்டிலும் இவர்களை நோயோடு படுத்திருக்கும் நாளில் மட்டுமே பார்க்கிறீர்கள். கணக்கு எழுதும் நாளில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் சண்டை போடும் நாளில் பார்ப்பதில்லை. அதனால் அவர்களுடைய வாழ்க்கை முழுவதுமே துன்பம் என்ற கணக்கு மனதில் பதிந்துவிடுகிறது. இது மாணவிகளுக்கு மட்டும் உள்ள பிழையும் அல்ல. 1994-இல் அமெரிக்காவில் அவசரப் பிரிவில் வேலை செய்பவர்களிடம், “கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் செயலிழந்தால், உயிரோடு இருப்பதற்காக மகிழ்வீர்களா?” என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 சதவீதம். அதே காயத்தோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டபோது, மகிழ்ச்சிதான் என்றவர்கள் 92 சதவீதம். 2021-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், தீவிரக் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்று 82 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தரத்தில் சிகிச்சை தர முடியும் என்று உறுதியாக நம்பியவர்கள் 41 சதவீதம்தான்.

இந்தப் பாவ உணர்வு மனதுக்குள்ளேயே இருந்துவிட்டால் கெடுதல் குறைவு. ஆனால் அது கேஸ் ஷீட்டுக்குள் வந்துவிடுகிறது. “இவங்களுக்கு எப்பவுமே இப்படித்தான்” என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் அது பல்வலியாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம், நான்கு நாள் மலச்சிக்கலாக இருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் வாயையும் காதையும் வயிற்றையும் பார்த்திருப்போம். இவருக்கு மட்டும் குறைபாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மயக்க ஊசிக்குப் போகிறோம். புதிதாக வந்த எந்த நடத்தை மாற்றத்தையும், வேறு காரணம் தெரியும்வரை வலி என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

மனதை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் பக்கத்தில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கைக்கு என்ன செய்வது என்று தெரிந்தால் பயம் தானாகக் குறையும். உங்கள் பேஷன்டிலிருந்தே தொடங்கலாம். பெருமூளை வாதத்தில் பேச்சு குழறுவது நாக்கு, உதடு, மூச்சுத் தசைகள் சொன்னபடி கேட்காததால். குழறலை வைத்து அறிவை அளக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள், கேட்டபின் பத்து விநாடியாவது வாயைத் திறக்காமல் காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். புரியாமலே தலையாட்டுவது எல்லாவற்றையும்விட மோசம், அதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். “வயித்துல, ராத்திரிலருந்து, அதுவரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம்?” என்று புரிந்ததைத் திருப்பிச் சொல்லிவிட்டு மீதியைக் கேளுங்கள். போனில் டைப் செய்து பேசுகிறவர் என்றால் ஆபரேஷன் முடிந்து வந்ததும் அந்தப் போன் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பி.பி. பார்க்கப் போகிறீர்கள் என்றால் தொடுவதற்கு முன் சொல்லுங்கள். குளிர்ந்த கையோ திடீர் அசைவோ பட்டால் தசை இறுகும். மடங்கிய கையை வெடுக்கென்று இழுக்காமல், முழங்கைக்குக் கீழே தாங்கி மெதுவாக நீட்டி, தசை தளரும்வரை பொறுங்கள். இறுகியிருக்கும்போது எடுத்த அளவு கூடுதலாகக் காட்டும். எந்தக் கை இறுக்கம் குறைவு என்று அவரையே கேட்டால் சொல்வார். இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: தசை இறுக்கத்துக்கு அவர் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்று சொல்லி அதையும் சேர்த்து நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் இறுக்கம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முந்தைய நாளே கேட்டு எழுதிவையுங்கள். ஆபரேஷனுக்குப் பின் வாய் வழியாக உணவு தொடங்கும்போது நேராக உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் கொடுங்கள். சாப்பிட்டு முடித்த அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

தண்டுவடக் காயம் உள்ளவர்களிடம், தெரியாமை உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு, அதாவது டி6-க்கு மேலே அடிபட்டவர்களின் மேல் பி.பி. சாதாரணமாகவே 90-இலிருந்து 110-க்குள் இருக்கும். ஒருநாள் அவர் மண்டை இடிக்கிறது என்கிறார், முகம் சிவந்து நெற்றி வியர்க்கிறது, பி.பி. 140 காட்டுகிறது. நமக்கு அது பெரிய எண்ணாகத் தெரியாது, “டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லிவிட்டு நகர்வோம். அவருக்கு அது ‘ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ என்ற அவசர நிலை. காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, மூளையிலிருந்து அதை அடக்கும் சமிக்ஞை இறங்க வழியில்லை, ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. கவனிக்காவிட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரலாம். உடனே நேராக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்குள் யூரின் ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அது இல்லையென்றால் மலம் அடைத்திருக்கலாம், பெட்சோர் இருக்கலாம், நகம் உள்ளே வளர்ந்திருக்கலாம். இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பாருங்கள். பல ஆண்டுகளாகத் தண்டுவடக் காயத்தோடு இருப்பவருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். “எனக்கு அது வந்துடுச்சு” என்று அவர் சொன்னால் நம்புங்கள்.

காது கேளாதவர் என்றால் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடும் முன், எந்தக் கையால் சைகை பேசுகிறார், எந்தக் கையால் எழுதுகிறார் என்று பார்த்து மற்றக் கையில் போடுங்கள். தவறான கையில் போட்டு அசையாமல் கட்டிவிட்டால் அவர் வாயைக் கட்டியதற்குச் சமம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, மூன்றிலிருந்து ஆறு அடி தூரத்தில், நேருக்கு நேர் நின்று பேசுங்கள். கத்தினால் உதட்டசைவு கோணிப்போகும். சைகை மொழியிலேயே வளர்ந்தவர்கள் பலருக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவு சரளமாக வராது, ஆகவே எழுதிக் காட்டிவிட்டோம் என்று நிம்மதி அடையாமல் புரிந்ததா என்று அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். மகப்பேறு, மாதவிடாய் சமாச்சாரங்களை அவருடைய பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக் கேட்கக் கூடாது.

பார்வையில்லாதவரிடம் வரும்போதும் போகும்போதும் பெயர் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து அரை அடி முன்னே நடங்கள். அவர் வைத்த பொருளை இடம் மாற்றாதீர்கள். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மற்றக் குழந்தைகளைவிட மிக அதிகம். கையுறையும் ட்யூபும் லேடெக்ஸ் இல்லாததாகக் கேளுங்கள். வீல்சேரில் வருபவரின் எடையை உத்தேசமாக எழுதாதீர்கள், மருந்தின் அளவே அதில்தான் நிற்கிறது. சேரோடு எடைபோட்டுவிட்டுச் சேரின் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கண்டுபிடித்ததை அடுத்த ஷிஃப்டுக்கும் கடத்த வேண்டும். “மெதுவாகப் பேசுவார், நேரடியாகக் கேட்கவும், காத்திருக்கவும்” என்று நர்ஸஸ் நோட்ஸில் ஒரு வரி எழுதி, ஹேண்டோவரில் வாயாலும் சொல்லுங்கள். 26 வயதுக்காரரின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும், பேனா பிடிக்க முடியாவிட்டால் கைரேகை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையில்லாமல் நுழையும் வசதியையும், சிகிச்சையில் முன்னுரிமையையும் அதன் 25-ஆம் பிரிவு பேசுகிறது. அவர்களுடைய சுதந்திரமான ஒப்புதல் இல்லாமல் கருத்தடை ஆபரேஷன் செய்யக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. மகப்பேறு வார்டுக்குப் போகும்போது இது உங்கள் நினைவில் இருக்கட்டும். “குடும்பத்தில் சொல்லிட்டாங்க” என்பது ஒப்புதல் ஆகாது.

திருநெல்வேலியில் இருக்கிறீர்கள். பக்கத்தில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பான அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஒரு நாளை அங்கே கேட்டு வாங்க உங்கள் டியூட்டரிடம் பேசுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் நிர்வாகம் நடத்திய இடத்தை, நோயாளி என்ற அடையாளம் இல்லாதவர்கள் வேலை செய்கிற இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அங்கே மறுவாழ்வு மையம் 1966-இல் அவர் தலைமையில் வந்தது. நர்சிங் மாணவிகள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அவருடையது.

டிசம்பர் 3 திட்டத்துக்கு வருகிறேன். கண்கட்டு நிகழ்ச்சி வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டி நடந்தவளுக்குக் கிடைப்பது பார்வையிழந்த முதல் பத்து நிமிடத்தின் தடுமாற்றம் மட்டும்தான். முதல் நாள் விழுந்ததை வைத்துச் சைக்கிள் ஓட்டுவது என்றால் என்ன என்று முடிவு கட்டுவது போன்றது இது. இத்தகைய பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள் சிலர், பங்கேற்றவர்களிடம் பரிதாபமும் பயமும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு மூன்று மாற்றுத்திறனாளிகளை ஆசிரியர்களாக அழையுங்கள். ஆட்டோக் கட்டணமும் மதிப்பூதியமும் கொடுங்கள். சோகக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். “என்னை வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாற்றுவது” என்பதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்: பிரேக் போடுவது, கால்தாங்கியை மடக்குவது, சேரை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, எங்கே பிடிக்கக் கூடாது என்பது வரை.

சர்வேக்கு, மாற்றுத்திறனாளிகள் மீதான மனோபாவத்தை அளக்க 1960-இல் யூக்கர் குழுவினர் உருவாக்கிய அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் மூல வடிவில் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் +3 முதல் −3 வரை, நடுவில் பூஜ்யம் இல்லை, மொத்தம் 0 முதல் 120 வரை மதிப்பெண். இதிலுள்ள சிக்கல், எது நல்ல பதில் என்று மாணவிக்குத் தெரிந்துவிடும், அதையே டிக் செய்வாள். அதனால் பெயரும் ரோல் நம்பரும் கேட்காமல், அவரவர் தேர்ந்தெடுக்கும் ரகசியக் குறியீடு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறையும், மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் எடுங்கள். அன்று சாயங்காலமே எடுத்தால் கைதட்டலைத்தான் அளப்பீர்கள். கடைசியில் நடத்தை பற்றி இரண்டு கேள்வி சேருங்கள்: “போன போஸ்டிங்கில் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கவனித்தபோது முதல் கேள்வியை யாரிடம் கேட்டீர்கள்?”, “நோட்ஸில் அவரோடு பேசும் முறையைப் பற்றி எழுதினீர்களா?”

மிச்ச நேரத்தில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு, அழைத்த விருந்தினர்களோடு உங்கள் வார்டைச் சுற்றுங்கள். கழிவறைக் கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்கிறதா? சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது ஓடுகிறதா? பரிசோதனை மேஜையின் உயரம் என்ன? அதற்கு மாற வேண்டியவரின் வீல்சேர் இருக்கை 45 முதல் 50 செ.மீ. உயரம்தான் இருக்கும். அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, நர்சிங் சூப்பிரண்டிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.