கோர்ஸில் சேர்ப்பதற்கு முன்னால்

பள்ளிக் கடைசி ஆண்டில் இருக்கும் மகனைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி: "நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிப்பான்."

கல்லூரியில் பக்கத்தில் உட்கார யாரும் இருக்க மாட்டார்கள் அம்மா. அசைன்மென்ட் தேதியை ஒருமுறை சொல்வார்கள், அதோடு சரி. முதல் செமஸ்டரில் தடுமாறி என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். அறிவில் குறையே இல்லை. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை.

அவன் படிக்கும் முறையையும் கவனியுங்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறானா? வாசிக்க வாசிக்கப் பழகிப்போகும். பழகியதையே தெரிந்ததாக நினைத்துவிடுவோம். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மறுபடி வாசித்த மாணவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி வாசித்தவர்களுக்கு ஏறக்குறைய 42 சதவீதம்தான் நினைவிருந்தது, மறுபடி வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அதனால் புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். எது தெரியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரியும்.

அப்புறம், உதவி கேட்கத் தெரிய வேண்டும். "புரியவில்லை" என்பதற்கும், "இந்தக் கணக்கில் மூன்றாவது வரி வரை வந்தேன், அடுத்தது எப்படி வந்தது?" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! வேலைக்குப் போனபின் மேலதிகாரியிடமும் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை இனி நீங்கள் எழுதாதீர்கள்.

கோடிங்கை அவனே விரும்பினால் சேரட்டும். சான்றிதழைவிட, சின்னதாக ஒன்றையாவது அவனே செய்து முடித்திருப்பது முக்கியம்.

இந்த மாதம் நேர அட்டவணை அவன் பொறுப்பு. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். ஒரு தேர்வில் மதிப்பெண் குறையலாம். உங்களுக்குத் தூக்கம் வராது என்று தெரியும், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சறுக்குவதைவிட, நீங்கள் அருகில் இருக்கும்போதே சறுக்கி எழுவது அவனுக்கு நல்லது.

ஒரு மாதம் கழித்து எனக்குப் பதில் போடுங்கள். அந்தக் கடிதத்தை அவனே எழுதட்டும்.