‘ஃபிளையிங் கிளவுட்’ மரத்துண்டுக்கு 1,900 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: நான் பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். என் மாமனார் சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரும் தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம். கப்பல் வரலாறு என்றால் அவருக்கு உயிர் என்பதால், பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் ‘ஃபிளையிங் கிளவுட்’ என்ற புகழ்பெற்ற கிளிப்பர் கப்பலின் (வேகத்துக்காகவே கட்டிய பாய்மரக் கப்பல்) மரத்துண்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு முழ நீளம், தேக்கு என்கிறார். அதில் பதித்த பித்தளைத் தகட்டில் ‘ஃபிளையிங் கிளவுட், 1851, நியூயார்க் – சான் பிரான்சிஸ்கோ, 89 நாள் 8 மணி’ என்று பொறித்திருக்கிறது. கப்பலைப் பாஸ்டனில் உடைத்தபோது எடுத்ததாம். நம்பகச் சான்றிதழும் தருகிறார். விலை 1,900 டாலர். வேறு இருவர் கேட்டிருப்பதால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்கிறார். வாங்கலாமா? இந்தக் கப்பலின் சாதனையை வேறொரு கப்பல் முறியடித்துவிட்டது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதுவும் உண்மையா?

பதில்: வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் விவரங்கள் போதும். அந்தத் தகட்டைப் பொறித்தவருக்கு இந்தக் கப்பலின் வரலாறு தெரியாது. 1851-ஆம் ஆண்டுப் பயணம் 89 நாள் 21 மணி நேரம். 89 நாள் 8 மணி என்பது அதே கப்பல் 1854-இல் செய்த இன்னொரு பயணத்தின் கணக்கு. புகழ் தேடித் தந்தது முதல் பயணம், நேரத்தில் சிறந்தது பின்னது. இரண்டையும் ஒரே வரியில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்களோ அதன் உரிமையாளர்களோ செய்யக்கூடிய பிழை இல்லை இது. மேலோட்டமாக எதையோ படித்துவிட்டுத் தகடு அடித்தவர் செய்வது.

அடுத்து, பாஸ்டனில் உடைத்தார்கள் என்ற கதை. ‘ஃபிளையிங் கிளவுட்’ பிறந்த இடம்தான் பாஸ்டன். கிழக்கு பாஸ்டனில் டொனால்டு மெக்கே என்ற கப்பல் கட்டுநரின் தளத்திலிருந்து 1851 ஏப்ரல் 15 அன்று அது தண்ணீரில் இறங்கியது. இறந்த இடம் வேறு. தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்கு மக்கள் ஓடிய ‘தங்கக் காய்ச்சல்’ தணிந்து, சரக்குக் கூலி வீழ்ந்த பிறகு அதைப் போன்ற கப்பல்களுக்கு வேலை குறைந்தது. 1860-களில் பிரிட்டிஷ் கைகளுக்குப் போய், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் குடியேறச் சென்றவர்களை ஏற்றிச் சென்றது. கடைசிக் காலத்தில் மரம் சுமந்தது. 1874 ஜூனில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கரையில், செயின்ட் ஜான் துறைமுகத்துக்கு வெளியே உள்ள மணல்திட்டில் தரைதட்டி முதுகு முறிந்தது. அடுத்த ஆண்டு அதை எரித்தார்கள். எதற்காக எரித்தார்கள் என்பதை வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: மரத்துக்குள் இருந்த செம்புக்கும் மற்ற உலோகங்களுக்கும் ஆசைப்பட்டுத்தான். மரம் அவர்களுக்கு இடைஞ்சல். சாம்பலைச் சலித்து ஆணிகளைப் பொறுக்கியவர்கள், ஒரு முழத் துண்டை ஒதுக்கி வைத்துப் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

மூன்றாவது, தேக்கு. தேக்கு என்றதும் நம்மவர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும், வியாபாரிக்கும் அது தெரியும். மெக்கேயின் கப்பல்கள் அமெரிக்க மரத்தில் கட்டப்பட்டவை. சட்டகத்துக்கு வெள்ளை ஓக், பலகைகளுக்குப் பெரும்பாலும் தென் மாநிலங்களின் கடினப் பைன். தேக்குப் பலகையைப் பெருமளவில் பார்க்க வேண்டுமானால், லண்டன் கிரீனிச்சில் நிற்கும் ‘கட்டி சார்க்’ போன்ற பிரிட்டிஷ் கப்பலைப் பார்க்க வேண்டும். அது இரும்புச் சட்டகத்தில் மரப்பலகை பொருத்திய வேறு வகைக் கட்டுமானம், காலமும் பிந்தியது, 1869.

இனி சான்றிதழ். இந்தத் துறையில் எனக்குத் தீராத கோபம் இந்தக் காகிதத்தின் மீதுதான். விற்கிறவரே எழுதி, விற்கிறவரே கையெழுத்திட்டு, தங்க நிறத்தில் முத்திரை ஒட்டி, வாங்குகிறவரிடம் நீட்டுகிறார். யாரும் அச்சடிக்கலாம், தடுக்க ஒருவரும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை நகரத்தில், பழைய தானியக் களஞ்சியம் ஒன்றின் உத்தரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபலக் கப்பலின் பெயர்த்தகடு அடித்து வைத்திருந்த கடையை நேரில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் இருந்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் பரிசு கொடுப்பதற்காக வாங்கியவர்கள். பரிசுப் பொருளைப் பெறுபவர் சந்தேகம் கிளப்ப மாட்டார் என்பது இந்த வியாபாரிகளுக்கு மிக நன்றாகத் தெரியும்.

சான்றிதழுக்குப் பதிலாக நீங்கள் கேட்க வேண்டியது கைமாறிய வரலாறு. இந்தப் பொருள் முதலில் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டில் போனது, அதற்குப் பழைய ரசீதோ கடிதமோ உயிலோ உண்டா? ‘குடும்ப வழக்கில் சொல்லப்படுவது’, ‘இன்ன கப்பலைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது’ என்ற சொற்கள் ஏலப் பட்டியல்களில் அடிக்கடி வரும். அவற்றின் பொருள் ஒன்றே: ஆதாரம் இல்லை, பணம் போனால் எங்களைக் கேட்காதீர்கள். அதைப் பெரிய எழுத்தில் போட யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. விலைமதிப்பீடு செய்கிறவர்களிலும் விலையில் சதவீதம் வாங்குகிறவர் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போகாதீர்கள். மதிப்பு உயர்ந்தால் அவருக்கு லாபம்.

அருங்காட்சியகத்திடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் அங்கே மதிப்பீடு செய்வதில்லை, உண்மையா போலியா என்று கருத்துச் சொல்வதில்லை என்று அச்சடித்த பதில் வரும். அவர்களுக்கு வழக்கு பயம். புரிகிறது. ஆனால் ஒரு தகட்டில் ஆண்டும் நேரமும் பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்வதற்குக்கூட ஒரு பொது நிறுவனத்துக்கு நாக்கு எழாமல் போனால், சாதாரண மனிதர் எங்கே போவார்? அந்த மௌனத்தைத்தான் இடைத்தரகர் பணமாக்குகிறார்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே குழப்பத்தை வைத்தும் பொருள் விற்கிறார்கள்.

அவர் சொல்லும் கப்பல் ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’. கனெக்டிகட்டின் மிஸ்டிக்கில் 1855-இல் கட்டப்பட்டது. கேப்டன் ஜான் வில்லியம்ஸ். 1859 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி, 1860 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வாசலை அடைந்தது. அதன் கணக்கு 89 நாள் 4 மணி. ‘ஃபிளையிங் கிளவுட்’டை விட நான்கு மணி நேரம் குறைவு. அப்படியானால் சாதனை போய்விட்டதே என்று தோன்றும். எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

துறைமுகத்துக்கு வெளியே, உள்ளூர்த் தண்ணீரின் ஆழமும் ஓட்டமும் தெரிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டு வருவார். கிளம்பும்போதும் அப்படியே, ஓரிடம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு இறங்கிவிடுவார். ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ கணக்கு பைலட் இறங்கிய இடத்திலிருந்து, அந்தப் பக்கம் பைலட் ஏற வேண்டிய இடம் வரை. அங்கே வந்து சேர்ந்த இரவில் அதற்குப் பைலட் கிடைக்கவில்லை. விடியும் வரை வெளியே காத்துக் கிடந்தது. நங்கூரம் தூக்கியதிலிருந்து நங்கூரம் போட்டது வரை பார்த்தால் அதன் பயணம் 90 நாள் 12 மணி. ‘ஃபிளையிங் கிளவுட்’டின் 89 நாள் 8 மணி என்பது நங்கூரம் முதல் நங்கூரம் வரை. ஊர் எல்லைக்கு வந்துவிட்ட ரயிலைப் பிளாட்பாரம் காலியில்லை என்று சிக்னலில் நிறுத்திவைத்தால், ரயில் வந்த நேரம் எது? கடலில் வேகமாக ஓட்டிய கேப்டனைப் பாராட்ட வேண்டுமானால் வில்லியம்ஸுக்கு ஒரு வாதம் இருக்கிறது. பைலட் கிடைக்காதது அவர் குற்றம் அல்ல. சரக்கு எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்று கேட்டால் ‘ஃபிளையிங் கிளவுட்’தான். நான் இரண்டாவது அளவையே ஏற்கிறேன். சரக்கை எதிர்பார்த்துத் துறையில் நிற்கும் வணிகருக்கு, கப்பல் வாசலில் தூங்கிய இரவும் ஓர் இரவுதான்.

எனவே ‘உலக சாதனையை முறியடித்த ஆண்ட்ரூ ஜாக்சன்’ என்று தலைப்பிட்ட பொருள் எதையாவது காட்டினால், எந்த அளவின்படி என்று கேளுங்கள். பதில் வராது. பாய்மரத்தில் அந்தப் பாதையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குறைந்த நாளில் கடந்தது 1989-இல்தான். ‘தர்ஸ்டேஸ் சைல்ட்’ என்ற அறுபது அடி நவீனப் படகு 80 நாள் 20 மணியில் போய்ச் சேர்ந்தது. நடுவே 135 ஆண்டுகள்.

இந்தச் சாதனை ஏன் இத்தனை பேசப்படுகிறது என்பதை மாமனாருக்குச் சொன்னால் மரத்துண்டைவிட மகிழ்வார். சாதாரணக் கப்பல்களுக்கு அந்தப் பாதையில் இருநூறு நாள்கூட ஆகும். தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னை, தென்கோளக் குளிர்காலத்தின் நடுவில், ஜூலையில் சுற்றிப் போனது ‘ஃபிளையிங் கிளவுட்’. கிளம்பிய சில நாட்களிலேயே காற்றில் பாய்மரங்களின் மேல் பகுதிகள் முறிந்து விழுந்தன. அவற்றைக் கடலிலேயே சரிசெய்துகொண்டு ஓடினார்கள். ஜூலை 31 அன்று ஒரே நாளில் 374 மைல். ஆகஸ்ட் 31 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நங்கூரம். கேப்டன் ஜோசையா பெர்க்கின்ஸ் கிரீசி பாய்களைப் பார்த்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம், எந்தத் திசையில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவருடைய மனைவி எலினர் கிரீசி. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபான்டெய்ன் மோரி, நூற்றுக்கணக்கான கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்துக் காற்றும் நீரோட்டமும் பற்றி வெளியிட்ட வரைபடங்களையும் வழிகாட்டிகளையும் படித்து, எந்த மாதத்தில் எந்தக் கடலில் காற்று கிடைக்கும் என்று அந்த அம்மையார் வழி வகுத்தார். தகட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் இருக்காது.

சரி, பரிசுக்கு என்ன வாங்கலாம்? மரத்தை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வாருங்கள். 1852-இல் நியூயார்க்கில் என். கரியர் அச்சகம் இந்தக் கப்பலின் கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுப்பது) ஒன்றை வெளியிட்டது. அது பலமுறை மறு அச்சாகியிருக்கிறது, பிந்தைய அச்சுகளையே பழையது என்று விற்கிறார்கள். ஒரு நல்ல பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அசல் கல்லச்சில் கிரேயான் கோடு போலச் சொரசொரப்பான திட்டுகள் தெரியும். வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. ‘கரியர் அண்டு ஐவ்ஸ், 1852’ என்று சொல்லி விற்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஐவ்ஸ் பெயர் அந்த நிறுவனத்தில் சேர்ந்தது 1857-இல்.

செலவில்லாமல் மனம் நிறையச் செய்ய ஒரு வழி உண்டு. அந்தக் காலத்து சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ‘டெய்லி ஆல்டா கலிஃபோர்னியா’ கலிஃபோர்னியாவின் இலவச எண்ணிமச் செய்தித்தாள் சேகரிப்பில் இருக்கிறது. 1851 செப்டம்பர் முதல் நாட்களின் இதழ்களைத் தேடி, கப்பல் வருகைப் பட்டியல் உள்ள பக்கத்தைத் தரமான தாளில் அச்சிட்டுச் சட்டமிடுங்கள். அருகில் மோரியின் வரைபடத்தில் ஒன்று வைத்தால், ஒரு கப்பல் பொறியாளர் அதன் முன் ஒரு மணி நேரம் நிற்பார். இதில் எந்தப் பொய்யும் இல்லை, நகல் என்று பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கிளிப்பர் மரத்தையே தொட்டுப் பார்க்க அவர் ஆசைப்பட்டால், மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ‘ஸ்னோ ஸ்குவால்’ என்ற 1851-ஆம் ஆண்டுக் கிளிப்பரின் முன்பகுதி 1987-இல் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து மீட்கப்பட்டது. அந்த வகை அமெரிக்கக் கிளிப்பர்களில் மிஞ்சியது அநேகமாக அவ்வளவுதான். அருங்காட்சியகங்களில் காணலாம், கடைகளில் கிடைக்காது.

வியாபாரி மறுபடியும் அழைத்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘1851-இல் 89 நாள் 8 மணி என்று இந்தத் தகட்டில் எழுதியது யார், எப்போது?’ பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.