எட்டு லட்ச ரூபாய் அம்பாசிடரும் சனிக்கிழமை இரண்டாயிரமும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 42,000. அப்பா 1972-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 தோட்டத்துச் சாளை வீட்டில் பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. உயில் எதுவும் எழுதவில்லை, ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறார். தாராபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டு மாமா, “முழுசாக ரெடி பண்ணி விற்றால் எட்டு லட்சம் போகும், ஆளுக்குப் பாதி” என்றார். 14 மாதத்துக்கு முன் மனைவியின் ஆரத்தை அடகு வைத்து 2 லட்சம் வாங்கி வேலையை ஆரம்பித்தேன். மாதம் 2,000 வட்டி கட்டுகிறேன். அந்தப் பணம் தீர்ந்த பிறகு, ஆறு மாதமாகப் பட்டறைக்கு வாரக் கூலி மட்டும் சனிக்கிழமை தோறும் 2,000 கொடுத்து வருகிறேன். முடிக்க இன்னும் 3 லட்சமும் ஒரு வருடமும் ஆகும் என்கிறார் பட்டறைக்காரர். மிச்ச நகையையும் வைக்கச் சொல்கிறார் மாமா. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் உள்ளது உள்ளபடி 1,20,000-க்குக் கேட்கிறார். வரும் ஜூனில் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். வண்டியின் சரியான மதிப்பு என்ன?

பதில்: நகைக்கடனுக்கு வட்டி உண்டு, பழைய வண்டிக்குச் செலவு இழுக்கும் என்பதெல்லாம் கணக்கு எழுதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். “வாரக் கூலி மட்டும்” என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆறு மாதத்துக்கு 26 சனிக்கிழமை, அது 52,000. வட்டி இதுவரை 28,000. முதலில் போட்ட 2 லட்சத்தோடு சேர்த்தால் 2,80,000 போயிருக்கிறது. கம்பெனி வவுச்சரில் ஐம்பது ரூபாய் இடித்தாலும் விடமாட்டீர்கள். இதை மட்டும் ஏன் எழுதி வைக்கவில்லை? எழுதினால் நிறுத்த வேண்டி வரும் என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

போன பணம் போனதுதான். அதை எடுக்க வேண்டும் என்பதற்காக இன்னும் 3 லட்சம் போடலாமா என்று யோசிக்காதீர்கள். இன்றைய தேதியில் உங்கள் முன் இரண்டே வழி. உள்ளபடி விற்றால் 1,20,000. முடித்து விற்பதென்றால் பட்டறைக்கு 3 லட்சம், அந்த 3 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 36,000. அப்புறம், அடியைப் பிரித்த பிறகு “இங்கேயும் போயிருக்குதுங்க” என்று பட்டறைக்காரர் காட்டப்போகும் துருவுக்கு ஒரு 60,000 ஒதுக்குங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 4 லட்சம். வண்டி 5 லட்சத்துக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 1 லட்சம். இன்று பொள்ளாச்சிக்காரர் தருவதைவிட 20,000 குறைவு, அதுவும் ஒரு வருடம் கழித்து.

இதில் மாமாவின் “ஆளுக்குப் பாதி”யைச் சேர்த்துப் பாருங்கள். செலவு முழுக்க உங்களுடையது, விற்ற பணத்தில்தான் பாதி. 5 லட்சத்துக்கு விற்றால் உங்களுக்கு இரண்டரை லட்சம். 4 லட்சம் போட்டு இரண்டரை எடுக்கிறீர்கள். மாமா வீட்டுக்கு ஒரு பைசா போடாமல் இரண்டரை லட்சம். சரி, அவர் சொல்கிற எட்டு லட்சத்துக்கே போகட்டும். உங்கள் பாதி 4 லட்சம், செலவும் 4 லட்சம். கையில் நிற்பது சைபர். இதற்காகவா மிச்ச நகையும் அடகுக்குப் போக வேண்டும்?

அந்தப் பாதிக் கணக்கே தவறு என்பது இன்னொன்று. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வண்டி, உயிலும் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அக்காவுக்கு மூன்றில் ஒன்று. மாமாவுக்கு நேரடியாக எதுவும் இல்லை. அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “ஏனுங் மாமா, விக்கறதுல பாதின்னா செலவுலயும் பாதி இந்த மாசமே போட்டுருங்க, வேலையை முடிச்சுடலாம்” என்று மட்டும் கேளுங்கள். வண்டியை உள்ளபடியே விற்றுவிடலாம் என்று அவரே சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட மதிப்பு. எட்டு லட்சம் என்பது விளம்பரத்தில் யாரோ கேட்கிற விலை. வாங்கியவர் கொடுத்த விலை வேறு, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மார்க் 2 கொஞ்சம் அரிது என்பது உண்மைதான். ஆனால் அம்பாசிடர் உத்தரபாராவில் 2014 வரை ஓடிய உற்பத்தி. ஆசைக்கு ஒரு அம்பாசிடர் வேண்டும் என்பவருக்குத் துருப்பிடிக்காத பிந்தைய மாடல் குறைந்த விலைக்கே கிடைக்கும். உங்கள் வண்டியைத் தேடி வருபவர், பழைய மாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர். அவர் பார்ப்பது பளபளப்பை இல்லை.

அவர் என்ன பார்ப்பாரோ அதை நீங்கள் முதலில் பாருங்கள். கண்ணபுரம் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசுவோமா? ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு மொண்ணை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் சட்டம் கிடையாது, பாடியும் அடித்தளமும் ஒரே கூடு. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் துரு தின்றிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போயிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே தரை விரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் தகரத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். டங் என்றால் நல்லது. புசுக்கென்று உள்ளே போனால் பட்டறைக்காரர் சொன்ன 3 லட்சம் போதாது. ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடிப்பக்கம், பின் சக்கரத்து வளைவு எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். பிறகு காந்தத்தை மட்கார்டில் மெல்ல நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தகரம் இல்லை, பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். உங்கள் 2 லட்சத்தில் எவ்வளவு பட்டியாகப் போனது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இன்ஜின் அதைவிட முக்கியம். நம் பக்கம் பெட்ரோல் அம்பாசிடர்களுக்கு டீசல் இன்ஜின் மாற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் அப்பாவும் மாற்றியிருந்தால், இப்போது உள்ளது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இன்ஜின் சாளை மூலையில் சாக்குப் போட்டுக் கிடந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வண்டியோடு கொடுங்கள். பழைய கிரில், வீல் கப், மீட்டர் போர்டு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். இது வெறும் இரும்பாகப் போனால் என்ன வரும்? ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் எடை, கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 30,000 சொச்சம். அது தரை விலை. பொள்ளாச்சிக்காரர் அதைப் போல நான்கு மடங்கு தருகிறார். இன்னும் இரண்டு பேரிடம் காட்டுங்கள், ஒருவர் பழைய வண்டி சேர்ப்பவராக இருக்கட்டும். கிடைக்கும் நல்ல விலைதான் மதிப்பு. அதுவரை பெயின்ட் அடிக்க வேண்டாம். துருவை நேரில் பார்க்கிறவர் துணிந்து விலை சொல்வார். புது பெயின்ட்டைப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறதோ என்று பயந்து குறைத்துத்தான் கேட்பார்.

சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடலாம் என்ற பேச்சு கட்டாயம் வரும், கோபிப் பக்கம் படப்பிடிப்புக்குப் பஞ்சமில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் கொண்டுவந்த விண்டேஜ் பதிவில் வணிகப் பயன்பாடு கூடாது. சொந்த உபயோகப் பதிவில் உள்ள வண்டியையும் வாடகைக்கு விட முடியாது. அந்த விண்டேஜ் பதிவைப் புதிதாகச் செய்யக் கட்டணம் 20,000, வண்டி மாற்றம் செய்யாத அசல் வடிவில் இருக்க வேண்டும். டீசல் இன்ஜின் என்றால் அங்கேயே முடிந்தது. “கிளாசிக் கார்தான் அடுத்த தங்கம்” என்று வீடியோ அனுப்புகிறவர்களுக்குப் பதில் போட வேண்டாம். தங்கத்தை அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் அடகு வைக்கலாம், அம்பாசிடரை வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு ஆகாத பொருளை முதலீடு என்று 42,000 சம்பளக்காரரிடம் சொல்வதே எனக்குப் பிடிப்பதில்லை.

வரும் சனிக்கிழமை பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாக்கி இருந்தால் கணக்கு முடித்து, கழற்றிய சாமான்களை எண்ணி வாங்குங்கள். 1,20,000 வந்தால் அக்காவுக்கு 40,000 கொடுங்கள். நீங்கள் செய்த செலவைக் காட்டி அதைக் குறைக்கவும் கேட்கலாம், ஆனால் நாற்பதாயிரத்துக்காக தாராபுரத்துப் போக்குவரத்தை அறுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்தால் மீதி 80,000-ஐ அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். அசல் 1,20,000 ஆகும். பட்டறைக்குப் போன மாதம் எட்டாயிரத்தையும் வட்டிக்குப் போன இரண்டாயிரத்தையும் சேர்த்து மாதம் 10,000 கட்டினால் சுமார் 13 மாதத்தில் ஆரம் வீட்டுக்கு வந்துவிடும். ஜூனில் மகளின் கட்டணத்துக்கு இன்னொரு அடகு வேண்டாம், கல்விக்கடனுக்கு இப்போதே வங்கியில் பேசுங்கள்.

கடைசியாகக் காகிதம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அக்கா, அம்மாவின் சம்மதக் கடிதம், உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 31 இவற்றோடு முதலில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்பா கையெழுத்தை நீங்களே போட்டு, விற்பவர் கொடுக்கும் 29, 30 படிவங்களைக் கொடுத்துவிடலாம் என்று புரோக்கர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000, தாமதக் கட்டணம் தனி. அதை யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். குடும்ப உபயோகத்தில் இருந்த கார் என்பதால் விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள், டெலிவரி கொடுத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறும்வரை அந்த வண்டியால் ஒரு விபத்து நடந்தால் வழக்கு உங்கள் பெயருக்குத்தான் வரும்.