ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, வாசிக்கத்தான் வரவில்லை: ஓர் ஆசிரியையின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வகுப்பில் 36 பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு இன்னும் தமிழே சரளமாக வாசிக்க வரவில்லை. எங்களிடம் ஸ்மார்ட் போர்டும் பத்துக் கணினிகள் கொண்ட ஆய்வகமும் இருக்கின்றன. ஆய்வகத்துக்கு வாரம் இரண்டு பாடவேளை. பாடக் காணொளியைப் போட்டால் அந்த ஒன்பது பேரும் ஆர்வமாகப் பார்க்கிறார்கள், வாய்மொழியாகக் கேட்டால் பதிலும் சொல்கிறார்கள். தேர்வில் மட்டும் தாள் வெறுமையாக வருகிறது. இவர்களுக்கு எந்தச் செயலியைப் பயன்படுத்துவது?

பதில்: வாய்மொழியாகக் கேட்டால் பதில் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான செய்தி. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் புரிகிறது, எழுத்துதான் வழிமறிக்கிறது. காணொளி எழுத்தைத் தொடாமலே பாடத்தைக் காதுக்குக் கொண்டு சேர்த்துவிடுவதால், எத்தனை காணொளி பார்த்தாலும் வாசிப்பு வளராது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. உங்கள் மாணவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்க வேண்டிய வயது அது. அன்று கைநழுவிய படியை ஏழாம் வகுப்புப் பாடத்தின் அசைபடம் ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே எந்தச் செயலி என்று தேடும் முன், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பில் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதையும், அவனுடன் உட்கார உங்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் உங்களிடம் இருக்கும் கருவிகளே போதும்.

முதலாவதற்கு உங்கள் கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதி ஒன்றே போதுமானது. பிள்ளையைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, மற்றவர்கள் காதில் விழாதபடி நான்கு தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள்: சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நாடு முழுவதும் நடத்திவரும் ஏசர் என்ற கற்றல் நிலைக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ இந்தப் படிக்கட்டையேதான் பயன்படுத்துகிறது. இரண்டாம் வகுப்புப் பாடநூலின் வாசகங்களே இதற்கு ஏற்றவை. ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் பதிவு செய்து, பின்னர் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். வகுப்பில் கேட்கும்போது ‘இவனுக்கு வாசிக்கவே வராது’ என்று தோன்றியவனுக்கு, பதிவில் கேட்கும்போது இரண்டே இரண்டு சிக்கல்கள்தான் இருப்பது பல நேரங்களில் தெரியவரும்.

தமிழில் அந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே குவிகின்றன. ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னால் வரும் எ, ஏ, ஐ ஆகிய உயிர்கள், எழுதும்போது கொம்பாக மாறி எழுத்துக்கு முன்னால் போய் நிற்கின்றன. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலுமாக எழுத்தை இரு பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. ‘கொக்கு’ என்ற சொல்லைப் பார்க்கும் பிள்ளையின் கண் முதலில் கொம்பில் இடறி, பிறகு ‘க’வைக் கண்டு ‘கெ’ என்று தொடங்கி, அதன்பின் வரும் காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடும். தேர் ‘தெர்’ ஆவதும் இந்த வகைதான்: ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் இன்னும் ஊன்றவில்லை. ஆனால் உங்கள் பகுதிப் பிள்ளை ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்று வாசித்தால் அதைப் பிழையில் சேர்க்காதீர்கள். அவன் எழுத்தைச் சரியாகவே அடையாளம் கண்டு, தன் வீட்டு நாவில் ஒலிக்கிறான். உச்சரிப்பைத் திருத்தலாம், தவறில்லை; ஆனால் அது வேறு வேலை, வேறு நேரத்துக்குரியது.

வாசிப்பைக் கேட்டுத் திருத்தும் செயலிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019-இல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வெளியாகிப் பின்னர் ரீட் அலாங் எனப் பெயர் மாறிய கூகுளின் செயலி அந்த வகையைச் சேர்ந்தது, தமிழிலும் கிடைத்தது. ஓரளவு வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்குக் கூச்சமின்றிப் பயிற்சி செய்ய இத்தகையவை உதவும். எழுத்தே தடுமாறும் பிள்ளைக்கு உதவாது. வடசென்னைப் பேச்சையும், சன்னலுக்கு வெளியே விடாமல் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலையும் இயந்திரம் பிழையாகப் பதிவு செய்துவிடக்கூடும். சரியாக வாசித்தவனிடம் தவறு என்று திரை திரும்பத் திரும்பச் சொல்வதைவிடத் திரை இல்லாமல் இருப்பதே மேல்.

இனி நேரம். குஜராத்தில் ஒரு தொண்டு நிறுவனப் பள்ளிகளில் லீ லிண்டன் என்ற பொருளியலாளர் நடத்திய ஆய்வு ஒன்றை ஆசிரியர் பயிற்சிகளில் தவறாமல் எடுத்துச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. ஒரே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கற்பிக்கும் நேரத்துக்குப் பதிலாகக் கொடுத்த இடத்தில் பிள்ளைகளின் கற்றல் குறைந்தது. பள்ளி நேரத்துக்கு அப்பால் கூடுதலாகக் கொடுத்த இடத்தில் உயர்ந்தது, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகம் பயன்பட்டது. டெல்லியில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட மாலைநேர மையங்களிலும் மென்பொருள் தனியாக விடப்படவில்லை: 45 நிமிடம் அவரவர் நிலைக்கேற்ற மென்பொருள் பயிற்சி, 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியருடன். ஆறாம் வகுப்புக்கு வரும்போதே சராசரி மாணவர் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததையும் அவர்கள் கண்டார்கள். உங்கள் வகுப்பு விதிவிலக்கல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இதிலிருந்து நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது, வழக்கமாகச் செய்யப்படுவதற்கு நேர்மாறானது. மெல்லக் கற்பவர்களைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதே பல பள்ளிகளில் நடக்கிறது. நீங்கள் வாசிக்கத் தெரிந்த 27 பேருக்குத் திரையைக் கொடுத்துவிட்டு, உங்களை அந்த ஒன்பது பேருக்குக் கொடுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பதினைந்து நிமிடம் அனைவருக்குமான விளக்கம். அடுத்த பதினைந்து நிமிடம், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணிச் செயலியிலிருந்தோ பாடநூலின் விரைவுத் துலங்கல் குறியீடு (க்யூஆர் கோடு) வழியாகத் திறக்கும் தீக்‌ஷா தளத்திலிருந்தோ முன்கூட்டியே பதிவிறக்கிய காணொளியும், அதைப் பார்த்து விடை எழுதவேண்டிய மூன்று கேள்விகளும் திரையில் ஓடட்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் பின்வரிசை மேசையில் ஒன்பது பேருடன் இருப்பீர்கள். இணையத்தை நம்பி நேரலையாக ஓட்ட வேண்டாம்; பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள நிமிடங்களில் மூன்று கேள்விகளுக்கும் விடையைச் சேர்ந்து பேசும்போது, ஒன்பது பேரில் ஒருவரையாவது பலகையில் ஒரு சொல் எழுத அழையுங்கள். அது அன்று அவர் பழகிய சொல்லாக இருக்கட்டும்.

அந்தக் காணொளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் வசனவரிகள் உள்ளவற்றை விரும்பித் தேடுங்கள். பேசும் மொழியிலேயே வசனவரி ஓடினால், காதில் விழும் சொல்லைக் கண் தானாகவே தேடிப் பிடிக்கிறது. அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி 1996-இல் முன்வைத்து, தொலைக்காட்சித் திரைப்பாடல்களில் செய்து காட்டிய உத்தி இது. ஆசிரியர் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு.

பின்வரிசை மேசையில் எதை வைத்துக் கற்பிப்பது என்பதற்கு அதிகம் தேட வேண்டாம். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள் தொடக்கப் பிரிவு ஆசிரியர்களிடம் இருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்ற அதன் நிலைகள் உங்கள் பதிவுகளில் தெரியவரும் நிலைகளோடு பெருமளவு பொருந்தும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அரும்பு நூலை அட்டையோடு கொடுக்காதீர்கள். சொற்களை மட்டும் எடுத்து, அவர்கள் வயதுக்குரிய வாக்கியங்களில் வைத்துத் தட்டச்சு செய்து கொடுங்கள்: விசைப்படகு, ஐஸ் பெட்டி, கால்பந்து, கேரம் போர்டு, மெட்ரோ ரயில்.

ஆய்வகப் பாடவேளைக்கு ஒரு யோசனை உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அதில் ‘கொ’ வேண்டுமானால் ‘க’வை அடித்து ‘ஒ’வை அடிக்க வேண்டும், கொம்பையும் காலையும் கணினியே உரிய இடத்தில் பொருத்துகிறது. அதாவது விரல் ஒலியின் வரிசையில் செல்கிறது, கண்ணோ எழுத்தின் வடிவத்தைக் காண்கிறது. கொம்பில் இடறிய பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக அந்த இணைப்பைக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. க, ஒ, க, க, உ என்று ஐந்து விசைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தால் ‘கொக்கு’ திரையில் உருவாகும். இதில் ஒரு குறை: இரட்டிக்கும் இடத்தில் புள்ளியை மென்பொருளே வைத்துவிடுவதால் பிள்ளை அதைக் கவனிக்காமல் போகலாம்; ஆகையால் அடித்த சொல்லை நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். தட்டச்சுப் பயிற்சி என்ற பெயரில் வகுப்பு முழுவதற்கும் இதைக் கொடுத்தால், யார் எதற்காகச் செய்கிறார்கள் என்ற கேள்வியே எழாது. பாதி வகுப்பு கணினியிலும் பாதி வகுப்பு நோட்டிலுமாக இருந்து இருபது நிமிடத்தில் மாறிக்கொண்டால் ஒரு கணினிக்கு இருவர் என்ற கணக்கு வரும். நன்றாகப் படிப்பவனை மெல்லக் கற்பவனுடன் இணைக்க வேண்டாம். மௌஸ் யார் கையில் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கணக்கைப் பொறுத்தவரை வேலை எளிது, ஏனெனில் நிலைக்கேற்றபடி கேள்வியை மாற்றும் பயிற்சி மென்பொருள்கள் அங்கே நன்றாகவே பயன்படுகின்றன. வடோதராவில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி, வாரம் இரண்டு மணி நேரம் என்ற அளவிலேயே கணக்கு மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

வீட்டுக் கைப்பேசியை அளவாகவே நம்புங்கள். காசிமேட்டிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் செல்லும் தந்தை விடியற்காலையிலேயே வீட்டின் ஒரே கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இணைப்பைத் திறந்து பயிற்சி செய் என்று அனுப்புவது அந்தப் பிள்ளைக்குச் சென்று சேராது. அன்று வாசித்த பத்தியை உங்கள் குரலில் ஒரு நிமிடம் பதிவு செய்து இரவு ஏழு மணிக்குமேல் பெற்றோருக்கு அனுப்பினால், பிள்ளை புத்தகத்தில் விரல் வைத்தபடி கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் குரல்பதிவை ஓடவிட முடியும். பிள்ளை தடுமாறி வாசித்த பதிவை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்பது 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கும் கொள்கை. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரவேண்டும்.

அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் இவர்கள் வாசிப்பு கைகூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் உள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் வசதி தமிழிலும் இயங்கும். கணினியில் கட்டணமற்ற என்விடிஏ மென்பொருளும் தமிழை வாசிக்கும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவி எதையேனும் நீங்கள் பயன்படுத்தினால், பாடப் பத்தியைக் கொடுத்து ஐந்து ஐந்து சொற்கள் கொண்ட வாக்கியங்களாக மாற்றித் தரச் சொல்லலாம். வரும் தமிழைத் திருத்தாமல் கொடுக்காதீர்கள். கருத்துப் பிழையும் வரும், யாரும் பேசாத சொற்களும் வரும். மாணவர் பெயரை அதில் உள்ளிடவே வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அதே நான்கு தாள்களை வைத்து மீண்டும் பதிவு செய்து, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எழுத்திலிருந்து சொல்லுக்கோ சொல்லிலிருந்து பத்திக்கோ நகர்ந்தவர்கள் அதே வழியில் தொடரட்டும். பழைய பதிவை அந்தப் பிள்ளைக்கும் போட்டுக் காட்டலாம், வேறு யாருக்கும் அல்ல. அசையாமல் நிற்பவர்களிடம் காரணம் வேறாக இருக்கலாம். கரும்பலகை தெரிகிறதா, திரையின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறதா என்று பார்த்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கண், காது இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டை, மணலிப் பக்கமிருந்து வரும் பிள்ளையாயின் வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ இந்தியோ பேசுகிறார்களா என்று கேளுங்கள். அவர்களுக்கு வாசிப்புக்கு முன் தமிழ்ச் சொல்வளமே முதல் தேவை. இவை எதுவும் இல்லாமல், இரண்டு முறை பதிவு செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் இரண்டு பதிவுகளையும் கொண்டு செல்லுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளில் ஒன்று. உரிய சான்று கிடைத்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் போய் அந்தச் சான்றுக்கு அலைவதைவிட, ஏழாம் வகுப்பிலேயே தொடங்குவது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மூன்றாண்டு அவகாசத்தைத் தரும்.