கார் பெயின்டில் ஒட்டிக் காய்ந்த பூச்சிகளைக் கீறல் விழாமல் எடுப்பது எப்படி?

கொழும்புக்குப் போய் இரவோடு இரவாகத் திருகோணமலைக்குத் திரும்பினால் பொனட், பம்பர் எல்லாம் பூச்சி அப்பிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பொஞ்சின் பச்சைப் பக்கத்தால் தேய்த்ததில் பூச்சி போய்விட்டது, ஆனால் வெயிலில் பார்த்தால் கீறல் தெரிகிறது, சில இடங்களில் மஞ்சள் தழும்பும் இருக்கிறது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கீறலுக்கும் தழும்புக்கும் பிறகு வருகிறேன். முதலில் பூச்சி. அதைத் தேய்க்கவே வேண்டாம். ஈரத்துணி போட்டு ஊற வைத்தால் தானாகக் கழன்று வரும். கால் மணி நேரம் பொறுமை இருந்தால் போதும்.

எனக்கு வீடு உப்புவெளியில். வேலை காரணமாக மாதத்தில் இரண்டு தடவையாவது கொழும்புக்குப் போய் வருகிறேன், ஒரு வழிக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கார் கருநீலம். கருநீலத்தில் பூச்சியும் தெரியும், அதை எடுக்கப் போய் விழுந்த கீறலும் தெரியும். அதனால்தான் இந்த விசயத்தில் இவ்வளவு அக்கறை.

இந்தப் பாதையில் பூச்சி எங்கே அடிக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். ஹபரணை தாண்டிக் காட்டுக்குள் ஏறியதும் தொடங்கும். கந்தளாய்க் குளமும் வயல்களும் வந்ததும் மழை தூறுவது போல் கண்ணாடியில் சடசடவென்று அடிக்கும். தம்பலகாமத்து வயல்வெளி தாண்டும்வரை அதே கதைதான். பெரும்போகத்துக்கு முதல் மழை விழுந்த அடுத்த இரவுகளில் ஈசல் கிளம்பும், அந்த நாட்களில் ஹெட்லைட் வெளிச்சமே மங்கிப் போகும். கதிர் வரும் காலத்தில் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சியும் வெளிச்சத்தைத் தேடி வரும். ஒன்று சொல்ல வேண்டும்: கண்ணாடி மறைக்கிறது, துடைத்துவிட்டுப் போவோம் என்று ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இரவில் காரை நிறுத்தி இறங்காதீர்கள். யானை கடக்கும் பாதை அது. வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், பூச்சி அடிப்பதும் குறையும். கடைத்தெரு வெளிச்சம் உள்ள இடத்துக்கு வந்தபின் நிறுத்தித் துடைக்கலாம்.

இனி, ஏன் இப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம். பூச்சியின் உடலுக்குள் இருப்பது பெரும்பாலும் புரதம் கலந்த நீர். முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி உடனே கழுவினால் போய்விடும். அதையே ஒரு பகல் காய விட்டுப் பாருங்கள், நகத்தால் சுரண்டினாலும் வராது. பொனட்டில் நடப்பதும் அதுதான், கீழே எஞ்சின் சூடு, மேலே வெயில். எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து நேரே ஏறுகிறது, காலை ஒன்பது மணிக்கே கறுத்த பொனட்டில் கை வைக்க முடியாது. காய்வதோடு நிற்பதும் இல்லை, அழுக அழுக அமிலமாகவும் மாறும். அமெரிக்காவின் புளோரிடாவில் மே மாதமும் செப்டெம்பரிலும் சோடி சோடியாகப் பறக்கும் ஒரு கறுப்புப் பூச்சி உண்டு, அங்கே அதை லவ்பக் என்பார்கள். புதிதாக நசுங்கும்போது அதன் அமிலகாரத் தன்மை (pH) 6.5 அளவில், கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஒரு நாள் அப்படியே விட்டால் 4.25 அளவுக்கு இறங்கி நன்றாகப் புளித்துவிடும். நம் ஊர்ப் பூச்சி வேறு, ஆனாலும் நாள் போகப் போகத் தழும்பு ஆழமாவதை என் பொனட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அது அரிப்பது பெயின்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற படலத்தை. சாதாரணமாக அது 40, 50 மைக்ரோன்தான், தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. பச்சை ஸ்பொஞ்சால் தேய்த்தபோது நீங்கள் கீறியதும் அதைத்தான்.

சரி, நான் செய்யும் முறை இது. விடியற்காலை வீட்டுக்கு வந்ததும் காரை நிழலில் விடுவேன். எஞ்சின் சூடு ஆறும்வரை தண்ணீர் ஊற்ற மாட்டேன், சூடான தகட்டில் ஊற்றினால் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். ஆறியதும் பழைய பருத்தித் துவாய் ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் அப்படியே பொனட்டின் முன்விளிம்பில் விரிப்பேன். பம்பர் செங்குத்தாக இருப்பதால் துவாய் வழுக்கி விழும். அதற்குப் பழஞ்சாரம் ஒன்றை நனைத்து, ஒரு நுனியை பொனட்டின் அடியில் கொடுத்து மூடிவிட்டால் தொங்கிக்கொண்டு நிற்கும். வாளித் தண்ணீரில் கார் ஷாம்பூ ஒரு மூடி கலந்திருப்பேன். கைக்கு இளஞ்சூடான தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. கொதிநீர் வேண்டாம், அது புரதத்தை அவித்து இன்னும் இறுக்கிவிடும்.

பத்து நிமிடத்தில் துணி காயத் தொடங்கினால் இன்னொரு கோப்பை ஊற்றுவேன். பதினைந்து நிமிடம் கழித்துத் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முன்பு கறுத்து, பொருக்கு மாதிரி இருந்தது இப்போது வெளிறி, கூழ் போல் உப்பியிருக்கும். தும்பியின் சிறகு ஒன்று துணியோடு சேர்ந்து எழுந்து வரும். ஈரவிரலால் லேசாகத் தொட்டால் பூச்சி நகர வேண்டும். நகராவிட்டால் திரும்ப மூடி இன்னும் பத்து நிமிடம். நகர்ந்தால் முதலில் பைப்பால் தண்ணீர் அடித்து, கழன்றதை எல்லாம் ஓட விடுங்கள். சிறகு, கால், வண்டின் ஓடு இவற்றைத் துணியோடு இழுத்தால் அவையே கீறும். அதற்குப் பிறகுதான் மைக்ரோபைபர் துணி. ஷாம்பூத் தண்ணீரில் முக்கி, அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். வட்டம் வட்டமாகத் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நம் பக்கம் இது முக்கியம். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் உவர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் கடைசிக் கழுவலுக்காவது அதைப் பாவியுங்கள்.

இரண்டு தடவை ஊற வைத்தும் வராத பூச்சி சில இருக்கும், அநேகமாக இலக்கத்தகட்டைச் சுற்றியும் பக்கக் கண்ணாடியின் முகத்திலும். அதற்குப் பூச்சி நீக்கி என்றே தெளிக்கும் போத்தலில் விற்கிறார்கள். அவை பெரும்பாலும் லேசான காரத் தன்மை உள்ளவை, புரதத்தை இளக்கிவிடும். போத்தலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் விடாதீர்கள், வெயிலில் தெளிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் மட்டும் பாவிக்கலாம். அது பெயின்டைக் காக்கப் பூசியிருந்த வக்ஸ் என்ற மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் வாராவாரம் முழுக் காரையும் அதால் கழுவ வேண்டாம். துரு இளக்கத் தெளிக்கும் டபிள்யூ.டி. 40 எண்ணெய் பற்றியும் கேட்பீர்கள். வேலை செய்யும், நானும் பாவித்திருக்கிறேன். துணியில் எடுத்துத் தொட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஷாம்பூவால் கழுவ வேண்டும். பிசுக்கை விட்டால் புழுதி பிடித்துக்கொள்ளும்.

தேசிக்காய், வினாகிரி வேண்டாம். ஏற்கெனவே அமிலம் அரித்த இடத்தில் இன்னும் அமிலம் ஊற்றுவதால் என்ன பயன்? பெற்றோல், தின்னர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், முக்கியமாகத் திரும்ப பெயின்ட் அடித்த பம்பரில். அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்க்கச் சொல்வார்கள், அதுவும் நுண்ணிய தூள்தான், தேய்த்தால் மங்கும். வீட்டுச் சுவரின் கறை எடுக்கும் வெள்ளை ஸ்பொஞ்ச் பார்க்கப் பஞ்சு மாதிரி மென்மையாக இருக்கும், உண்மையில் அது மிக நுண்ணிய உப்புத்தாள். தும்பு, கம்பி நார் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஒரு இழப்புக்குப் பிறகு. வாங்கிய முதல் வருடம், நேரம் இல்லாமல் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் காரை விட்டேன். அங்கே வேலை செய்த பொடியன் உடுப்புத் தோய்க்கும் தூளும் தரை தேய்க்கும் தூரிகையும் எடுத்துப் பூச்சியைத் தேய்த்திருக்கிறான். கார் ஈரமாக இருக்கும்போது எதுவும் தெரியவில்லை. மத்தியானம் வெயிலில் பார்த்தால் பொனட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். அவனைக் குறை சொல்லி என்ன, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நகரில் டிங்கர் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரல் நகத்தை கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்த்தார். "நகம் தட்டுப்படல்ல தம்பி, மேலாலதான் இருக்கு. பொலிஷ்ல போயிரும். ஆனா இத அடிக்கடி செய்ய ஏலாது, ஒவ்வொரு தடவையும் தோல்தான் தேயும்" என்றார்.

உங்கள் கீறலையும் அப்படியே பாருங்கள். நல்லாகக் கழுவி, காய்ந்தபின் நகத்தை ஓட்டுங்கள். தட்டுப்படாவிட்டால் நுண்ணிய பொலிஷ் ஒன்றைக் கையாலேயே, சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கலாம். பச்சை ஸ்பொஞ்ச் என்பதால் சில கீறல்கள் ஆழமாக இருக்கவும் கூடும். நகம் சிக்கினால் கையால் முயற்சிக்காமல், பெயின்டின் தடிப்பை அளக்கும் கருவி வைத்திருக்கும் இடமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். அளக்காமல் எடுத்த எடுப்பில் கட் அன்ட் பொலிஷ் (மேல்படலத்தைத் தேய்த்து மினுக்குவது) செய்வோம் என்று சொல்பவரிடம் அவசரப்பட்டு விட வேண்டாம். மஞ்சள் தழும்பும் அப்படித்தான், மேலே படிந்த கறை என்றால் பொலிஷில் போகும், பள்ளமாக அரித்திருந்தால் மங்கும், முழுதாகப் போகாது.

அடுத்த பயணத்துக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். முன்பக்கம் மட்டுமாவது வக்ஸ் பூசிவிடுங்கள், பொனட்டின் முன் பாதி, பம்பர், பக்கக் கண்ணாடிகளின் முகம். அரை மணி நேர வேலை. பூச்சி அடிப்பதை அது தடுக்காது, ஆனால் படலத்தில் நேரே பிடிக்க விடாது. பூசிய காரில் ஊற வைக்கும் நேரம் பாதியாகக் குறைவதை நான் கண்டிருக்கிறேன். இந்த வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அது அதிக காலம் தாங்காது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் திரும்பப் பூசும் நேரம் வந்துவிட்டது. டிக்கியில் ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு துணியும் எப்போதும் வைத்திருங்கள்.

முன்கண்ணாடிக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, ஊற வைத்துத் துடைத்தால் போதும். வைப்பரை மட்டும் காய்ந்த கண்ணாடியில் போடாதீர்கள், பூச்சியை அப்படியே இழுகிவிடும். ஹெட்லைட் பிளாஸ்டிக், ஆகவே அதற்கும் பெயின்டுக்குச் சொன்னதே. முன் கிறிலுக்குள் எட்டிப் பாருங்கள். ஏசி கொண்டென்சரின் தகடுகளில் பூச்சி அடைத்திருந்தால் காற்று உள்ளே போகாது, ஏசி குளிர் குறையும், எஞ்சினும் சூடாகும். சாதாரண பைப் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வோஷர் கிட்டப் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

என் பொனட்டின் இடது மூலையில் ஒரு ரூபாய்க் குத்தி அளவில் பழைய தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது, நான்கு நாள் கவனிக்காமல் விட்ட வண்டு. பொலிஷ் போட்டு அரைவாசி மங்கியது. மிச்சத்தை எடுக்கப் போனால் கிளியர் கோட் மிஞ்சாது என்று அந்த அண்ணன் சொன்னதால் அப்படியே விட்டு, அதன் மேல் வக்ஸ் மட்டும் பூசி வருகிறேன்.