போர்டில் ‘பிலாட்டீஸ்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தெரு ஜிம்மில் ‘பிலாட்டீஸ்’ போர்டு தொங்குகிறது. போய்ப் பார்த்தால் பாதி யோகா, பாதி ஏரோபிக்ஸ். அசல் எது? யாரை நம்பிச் சேரலாம்?
– வாசகி, கோவை

பதில்: போர்டு எதையும் உறுதிப்படுத்தாது. ‘பிலாட்டீஸ்’ என்ற இந்த உடற்பயிற்சி முறையின் பெயர் பொதுச்சொல், யாருக்கும் தனி உரிமை இல்லை என்று நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. இரண்டு நாள் வகுப்புக்குப் போனவரும் போர்டு மாட்டலாம்.

1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், தன் முறைக்கு வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில் 34 தரைப் பயிற்சிகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையை ஒட்டிச் சொல்லித்தருவது ‘கிளாசிக்கல்’. பிசியோதெரபியைக் கலந்து மாற்றியது ‘கன்டெம்பரரி’. இரண்டிலும் நல்லவர்கள் உண்டு.

முதல் பயிற்சியான ‘ஹண்ட்ரட்’டிலேயே ஆசிரியரை எடைபோடலாம். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, நீட்டிய கால்களைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். கைகளை மேலும் கீழும் சிறிதாக அசைத்தபடி, 5 அசைவுக்கு மூச்சை இழுத்து, 5 அசைவுக்கு விட வேண்டும். இப்படி 10 சுற்று, மொத்தம் 100. வயிறு உப்பி, கீழ்முதுகு வில்லாக வளைந்தால் காலின் பாரம் முதுகில் இறங்கும். அப்போது “முட்டியை மடக்குங்க” என்பவர் ஆசிரியர். “இன்னும் இருபது!” என்று கத்துபவரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஆசிரியராக எத்தனை மணிநேரம் பயிற்சி பெற்றார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தரைப் பயிற்சியோடு ரிஃபார்மர் (ஸ்பிரிங்கில் இழுபட்டுச் சறுக்கும் வண்டி உள்ள படுக்கை), கேடிலாக், சேர், பேரல் ஆகிய கருவிகள் எல்லாம் அடங்கிய முழு ஆசிரியர் பயிற்சி பொதுவாக 450 மணிநேரத்துக்குக் குறையாது. மேற்பார்வையில் பாடம் நடத்துவதும் தேர்வும் அதில் சேர்த்தி. மேட் (தரைப் பயிற்சி) சான்றிதழ் மட்டும் உள்ளவர் ரிஃபார்மரில் ஏற்றினால் மறுத்துவிடுங்கள். அதில் ஸ்பிரிங்கைக் குறைத்தால் எப்போதும் சுலபமாகிவிடாது. பல பயிற்சிகளில் வண்டி ஆட்டம் காணும், உடம்பை நிலைநிறுத்துவதே பாடாகிவிடும். எந்தப் பயிற்சிக்கு எத்தனை ஸ்பிரிங் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. எலும்பு அடர்த்தி குறைவு என்கிறார் டாக்டர். சேர்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூட்டமான வகுப்பு வேண்டாம். மல்லாந்த நிலையிலிருந்து சுருண்டு எழும் ‘ரோல் அப்’, பந்துபோல் உருளும் ‘ரோலிங்’ இரண்டிலும் முதுகெலும்பு முன்பக்கம் வளைந்து அழுத்தம் தாங்குகிறது. பலவீனமான எலும்பு நொறுங்கக்கூடும். டாக்டர் சம்மதித்தால், தனி வகுப்பில், முதுகை நேராக வைத்துச் செய்பவை போதும். முதல் நாளே எலும்பு ரிப்போர்ட்டைக் கேட்காத ஆசிரியராக இருந்தால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.