வாசகர் கேள்வி: வீடியோ பாடம் போதுமா?

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். எங்களிடம் துப்பாக்கி கிடையாது, ஆனால் ஏழு வயது மகன் விளையாடப் போகும் வீடுகளில் இருக்கலாம். துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிய கார்ட்டூன் பாடத்தை இணையத்தில் காட்டினால் போதுமா?

பதில்: காட்டுங்கள், ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 'நில், தொடாதே, ஓடிப் போ, பெரியவரிடம் சொல்' என்பதுதான் 1988-இல் அமெரிக்காவின் துப்பாக்கி உரிமை அமைப்பான நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் தொடங்கிய 'எடி ஈகிள்' என்ற கார்ட்டூன் கழுகுப் பாடத்தின் சாரம். குழந்தைகள் இதை அழகாக ஒப்பிப்பார்கள். அப்புறம் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி ஒன்றை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துப் பார்த்த ஆய்வுகளில், பாடம் கேட்ட பிள்ளைகளில் பலரும் அதைத் தொட்டிருக்கிறார்கள். ஆர்வம் அப்படி! அதனால் வீடியோ முடிந்ததும் ஒரு பொம்மைத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, அவனே விலகி வந்து உங்களிடம் சொல்லும்வரை, வேறு வேறு அறைகளில் திரும்பத் திரும்ப நடித்துப் பழக்குங்கள். அந்த ஆய்வுகளில் கொஞ்சமாவது பலன் தந்தது இதுதான். அதைவிட முக்கியம், விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டாரிடம், "துப்பாக்கி இருக்கிறதா, குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்களா, குண்டுகளைத் தனியாகப் பூட்டியிருக்கிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால், சரி, பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே விளையாடட்டும்.